ரத்தம் சொன்ன ராத்திரி

"எத்தனை மணிக்குப்பா கெளம்புன?" என்று சோதனைக் குழாயிடம் கேட்டுவிட்டுத்தான் எங்கள் மேலதிகாரி அம்மா அதைத் திறப்பார். பதில் வரக் காத்திருப்பவர்போல் ஒரு கணம் தலையைச் சாய்ப்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் இரண்டடி தள்ளியே நின்றேன்.

தடயவியல் ஆய்வுக்கூடத்தில் அந்த அம்மாவுக்கு மணிக்கூண்டு என்று பட்டப்பெயர். உயரமும் அப்படி, வேலையும் அப்படி. ரத்தம் சிந்தியது பகலிலா இரவிலா என்று சொல்பவர். இருட்டில் உடம்பு சுரப்பது ஒன்று, விடியலில் சுரப்பது இன்னொன்று. காய்ந்த கறையில் இரண்டையும் அளப்பார். ஆள் போன பிறகும் அந்தக் கணக்கு அதே மணியில் நிற்கும்.

கையெழுத்திடுமுன் இறந்தவர் வீட்டுக்குப் போன் செய்து, எப்போது தூங்குவார், எப்போது எழுவார் என்று விசாரிப்பது அவர் வழக்கம். "சம்பந்தம் பேச ஆரம்பிச்சாச்சு" என்று கூடமே சிரிக்கும். அன்று அவசரத்தில் கையெழுத்து முந்திக்கொண்டது.

ஆலைத் தொழிலாளி ஒருவர், வார விடுமுறையன்று, மனைவி ஊரில் இல்லாதபோது வீட்டில் குத்துப்பட்டு இறந்திருந்தார். பிடிபட்டவன் அவருடைய தம்பி. பகல் முழுக்கப் பட்டறையில் பத்துப் பேர் நடுவே இருந்தவன். இரவுக்குத்தான் சாட்சி இல்லை. எங்கள் அறிக்கை 'இரவு' என்றது. வாங்கிப்போகக் காவலர் வந்து நின்றார். நண்பகல். அம்மா அப்போதுதான் அந்த வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

மறுமுனையில் மனைவியின் குரல் கிசுகிசுத்தது.

"ஏம்மா இவ்வளவு மெதுவா பேசறீங்க?"

"பகல்ல நாங்க இப்படித்தாங்க பேசுவோம். அவரு தூங்குவாருல்ல. பதினோரு வருஷமா நைட் ஷிஃப்ட். லீவு நாள்லயும் பகல்லதான் தூக்கம். ஜன்னல் பூரா கறுப்புத் துணி கட்டியிருக்கோம்."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. இரவுக் காவல் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கிய அப்பாவின் பணத்தில் படித்தவன் நான். எண்களைப் பார்த்தபோது எனக்கு ஏன் அவர் நினைவு வரவில்லை?

அம்மா காவலரிடம் கையை நீட்டினார். "அதக் குடுங்க."

"மேடம், ராத்திரின்னு நீங்களே போட்டிருக்கீங்க. மை கூடக் காஞ்சிடுச்சு!"

"அது அவரோட ராத்திரிங்க. நம்ம பகல். அந்தப் பையன உள்ள வைக்க இந்தக் காகிதம் உதவாது."

அறிக்கையைக் கிழித்தார். கறைக் கரைசல் இருந்த குழாய் மேசைமேல் நின்றது. புதுத் தாள் எடுக்க அதைத் தாண்டிப் போகவேண்டும். மணிக்கூண்டு குனிந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் நடந்தார்.