மூன்று மரம் தூரம்

பால்டின்னின் அடியில் ஆணியால் குத்திய ஒன்பது ஓட்டைகள். அதற்குள் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, நன்றாகக் குனிந்து, டின்னை விரலால் தட்டிக்கொண்டே பின்னோக்கி நடக்கிறார் அமிர்தலிங்கம். முன்னோக்கி நடந்தால் தான் போட்ட கோட்டைத் தானே மிதிக்க நேரும் என்பது அவர் பயம். மலேசியாவின் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஹாக்கித் திடலின் கோடுகளையெல்லாம் பல வருடமாக இப்படிப் பின்னால் நடந்தே போட்டு வருகிறார். இதுவரை இரண்டு முறை கால்வாயில் விழுந்திருக்கிறார். இரண்டு முறையும் டின்னை உயர்த்திப் பிடித்துச் சுண்ணாம்பைக் காப்பாற்றிவிட்டார்.

காலையில் மற்றவர்களைப் போல் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவர்தான். இருட்டோடு கத்தியும் வாளியுமாகப் போய், பத்துப் பதினொரு மணிக்குப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டால் மற்ற நேரமெல்லாம் திடலுக்குச் சொந்தம். பெரிய ஆட்டக்காரராக இருந்திருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். ஆடியது ஒரே ஒரு ஆட்டம். ஆள் குறைகிறது என்று இழுத்து நிறுத்தினார்கள். பந்து முழங்காலில் வந்து பட்டது. அத்தோடு கோட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்தவர், "இங்கேருந்து பாத்தாதான் ஆட்டம் நல்லாத் தெரியுது லா" என்று சொல்லிவிட்டார்.

கெஜம், மீட்டர் எதுவும் அவரிடம் செல்லாது. கன்று நடும்போது வரிசை பிடிப்பதற்காகத் தோட்டத்தில் ஒரு நீளக் கயிறு உண்டு. மரத்துக்கு மரம் பதினாறடி. பதினாறடிக்கு ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். கோல் கம்பத்தைச் சுற்றிப் போடும் அரைவட்டத்துக்குச் சட்டப்படி பதினாறு கெஜம் வேண்டும்; அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். பதினாறு கெஜம் என்றால் நாற்பத்தெட்டு அடி; மூன்று மரம். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து உலகமே அவருக்கு மரக்கணக்காகிவிட்டது. மளிகைக்கடை நாற்பது மரம். மாரியம்மன் கோயில் இருபத்தாறு மரம். "ரெண்டு மரத்துலேருந்து அடிச்சான் பாரு ஒரு அடி" என்று அவர் ஆட்டத்தை விவரித்தால் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. சிரம்பான் எத்தனை மரம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பஸ் டிக்கெட் விலையைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு டின்னோடு மறுபடி இறங்குவார். பூட்ஸ் கால்கள் எங்கெங்கே கோட்டை அறுத்திருக்கின்றனவோ அங்கெல்லாம் நின்று தூள் தட்டி அடைப்பார். அடுத்த ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும். அதற்குள் நாலு மழை பெய்து எல்லாவற்றையும் கழுவிவிடும். சொன்னால் கேட்கமாட்டார். "மழ கழுவுனா கழுவட்டும். கால் பட்ட கோட்ட அப்படியே விட்டுட்டு வந்தா எனக்குச் சோறு எறங்காது" என்பார். அவர் மனைவி மயிலம்மாள் சோற்றை மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் எண்பத்திரண்டில் அந்தச் சோதனை வந்தது. கோலாலம்பூரில் இளைஞர்களுக்கான உலகக் கோப்பை ஹாக்கி நடக்க இருந்தது. குளிர் நாட்டு அணி ஒன்று வெயில் பழகுவதற்காக முன்கூட்டியே வந்து இறங்கியது. எங்கோ யாருக்கோ கடிதம் எழுதி, அந்தப் பையன்களை மாநில இளைஞர் அணியோடு ஒரு நாள் ஆட வைக்க ஏற்பாடு செய்துவிட்டார் தோட்டத்துத் துரை. ஆட்டம் நம் திடலில். ஒரே ஒரு நிபந்தனை: சிரம்பானிலிருந்து நடுவர் வந்து அளந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆட்டம் டவுனுக்குப் போய்விடும்.

அமிர்தலிங்கம் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. உலகக் கோப்பை ஆடப்போகிற கால்கள் தன் கோட்டுக்குள் ஓடப் போகின்றன. கோலாலம்பூர் போய்ப் பார்க்க அவருக்கு வழியில்லை. இந்த ஒரு நாள்தான். புல்லை ஒட்ட வெட்டினார், உருளை போட்டார். வெளிக்கோடுகளுக்கெல்லாம் என்றைக்கோ அடித்து வைத்த முளைகள் இருக்கின்றன. அரைவட்டங்களுக்கு மட்டும், தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீரமுத்துவிடம் போய்க் கயிறு வாங்கி வந்து, சனிக்கிழமை சாயங்காலம் வளைத்துப் போட்டு முடித்தார்.

தேநீர் கொண்டு வந்த மயிலம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"என்னாங்க, இந்தவாட்டி சிறுசாத் தெரியுது?"

"ஒனக்கு என்னா தெரியும்? கயிறு பொய் சொல்லுமா?"

அவருக்கும் கண்ணில் என்னவோ உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் பத்தொன்பது வருடக் கயிற்றைச் சந்தேகப்பட அவருக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குள் லயத்து வீடுகளின் ஜனம் மொத்தமும் திடலைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. வந்திருந்த பையன்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஐந்தாவது நிமிடமே தக்காளியாகச் சிவந்து போனார்கள். நடுவர் தங்கராஜு பள்ளிக்கூட வாத்தியார், பொறுமைசாலி. இரும்பு டேப்பைக் கம்பத்தில் வைத்து இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"அண்ணே, பதினஞ்சு கெஜந்தான் இருக்கு."

"இருக்காது சார். மூணு மரம் அளந்தேன்."

"மரமா?"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அமிர்தலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றைக் கொண்டுவந்து டேப்பின் பக்கத்தில் நீட்டிப் போட்டார். சிவப்புத் துணி பதினைந்தாவது அடியில் இருந்தது. அடுத்ததும் அப்படியே. கூட்டத்துக்குள்ளிருந்து மண்டோர் வீரமுத்து தலையைச் சொறிந்துகொண்டே எழுந்தார்.

"பின்காட்டுல புதுக் கன்னு நடுறாங்கல்ல... பதினஞ்சடிதான் விடணும்னு ஆபீஸ் கிராணி சொன்னாரு. துணிய மாத்திக் கட்டிட்டேன். ஒங்கிட்ட சொல்ல மறந்துட்டேன் லா."

மரங்கள் நெருங்கிவிட்டன, அமிர்தலிங்கத்துக்குத்தான் யாரும் சொல்லவில்லை. துரை கடிகாரத்தைப் பார்த்தார். தங்கராஜு, "அரை மணி நேரம் தர்றேன், முடியுமாண்ணே?" என்று கேட்டார்.

அதற்குள் மயிலம்மாள் எழுந்துவிட்டாள். "சிறுசாத் தெரியுதுன்னு நேத்தே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வாளித் தண்ணீரும் ஈர்க்குமாறுமாகத் திடலில் இறங்கினாள். அவர்கள் பழைய கோட்டைக் கழுவிக் கூட்ட, அமிர்தலிங்கம் டேப்பை வைத்துத் துணிகளைப் பதினாறடிக்கு மாற்றிக் கட்டினார். வீரமுத்து கம்பத்தடியில் கயிற்றைப் பிடித்தார். டின்னைத் தட்டிக்கொண்டு அமிர்தலிங்கம் அன்றைக்குப் பின்னால் ஓடியதை ஓட்டம் என்றே சொல்ல வேண்டும். இருபத்தெட்டாவது நிமிடம் தங்கராஜு அளந்து பார்த்துத் தலையாட்டினார்.

நல்ல ஆட்டம். வெயில் நம் பக்கம் ஆடியது. மாநில அணி ஒரு கோல் போட்டு, அதை உயிரைக் கொடுத்துக் காத்துக்கொண்டிருந்தது. முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, நெட்டையான ஒரு மஞ்சள் முடிப் பையன் பந்தை வாங்கித் திரும்பினான். கழுவியும் போகாமல் மங்கலாகத் தெரிந்த பழைய கோட்டுக்கு வெளியே, புதுக் கோட்டுக்கு உள்ளே பந்து. பின்னங்கால் புதுக் கோட்டின் மேல். ஒரே அடி. தோட்டத்துப் பிள்ளையான கோல்கீப்பர் இராஜமாணிக்கம் காலை நீட்டுவதற்குள் பந்து கோலின் பின்பலகையில் மோதி ஓசை எழுப்பியது. தங்கராஜு விசிலை ஊதி நடுக்கோட்டைக் காட்டினார். ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் அப்படியே முடிந்தது.

ஜனத்துக்கு ஆற்றாமை. "பழைய கோடே இருந்திருந்தா அது கோலே இல்ல. நம்ம ஜெயிச்சிருப்போம். ஓடி ஓடிப் போட்டியே, யாருக்குப் போட்ட?" என்று இராஜமாணிக்கத்தின் அப்பா நேராகவே கேட்டுவிட்டார்.

"மூணு மரத்துலேருந்து அடிச்சான்" என்றார் அமிர்தலிங்கம். "சரியா மூணு மரம்." அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, கேட்டவருக்கு அதற்கு மேல் சண்டை போடத் தோன்றவில்லை.

பஸ் போய்விட்டது. ஜனமும் கலைந்தது. வழக்கம்போல் டின்னில் தூளை நிரப்பிக்கொண்டு இறங்கினார். வெளிக்கோட்டில் பதினோரு இடம், நடுக்கோட்டில் நாலு இடம் அடைத்தார். அரைவட்டத்துக்கு வந்தார். வளைவில், அந்த மஞ்சள் முடிப் பையன் நின்று அடித்த இடத்தில், நீளமான ஒரு பூட்ஸ் கால் கோட்டைக் குறுக்கே அறுத்திருந்தது. குனிந்தார். டின்னைத் தட்டப்போன விரலை ஓட்டைகளுக்கு அடியில் கொடுத்து, ஒரு துளித் தூளும் சிந்தாமல் பிடித்துக்கொண்டு, அந்தக் காலடியைத் தாண்டிக் கால் வைத்தார்.