கேட்டால்தான் துடக்கு

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுப் படகு புறப்படுகிறது. என் பக்கத்தில் இருக்கும் கனடாக்காரர், தன்னை வளர்த்த பெரியப்பா பிழைக்க வேண்டுமென்று அம்மன் கோயிலில் பூசைக்குச் சொல்லியிருக்கிறார். அவருடைய போன் விடாமல் அடிக்கிறது. திரையில் ‘தங்கச்சி’.

“எடுக்கேல்லையோ அண்ணை?”

“விசரே தம்பி? பெரியப்பா செத்திட்டாரெண்டு கேட்டால் எனக்குத் துடக்கு. பிறகு கோயிலுக்குள்ள போகேலாது. கேக்காத வரைக்கும் ஒண்டுமில்லை.”

ஆகவே, இறந்திருக்கக்கூடும் என்று தானே நினைக்கும் ஒருவரின் ஆயுளுக்காக மனமுருகிக் கும்பிடுகிறார்.

திரும்பும் படகில் போனை எடுக்கிறார். பெரியப்பா இப்போதுதான் போனாராம். காலையிலிருந்து இவருடைய குரலைக் கேட்க வேண்டுமென்று தங்கச்சியை அரித்துக்கொண்டிருந்தாராம்.

 அவர் மடியிலிருந்த பிரசாதப் பையை அவசரமாக என் மடிக்கு மாற்றுகிறார். இப்போது அவருக்குத் துடக்கு.