பிச்சைக்கு அனுப்பிய பாட்டு எண்கள்

1943 மார்ச் 7: பாட்டு 37, 112, 64. பாடியவர்கள் 23.
1943 மார்ச் 14: பாட்டு 8, 201, 90. பாடியவர்கள் 26.
1943 மார்ச் 21: பாட்டு 145, 37, 17. பாடியவர்கள் 19; ஊரில் அம்மை.

பம்பாய் தாராவி லுத்தரன் சபையின் பதிவேட்டை அப்போது நான்தான் எழுதினேன். எங்களுக்கு ஆர்மோனியம் கிடையாது. தங்கத்தாய் எடுத்துக் கொடுத்தால்தான் சபை பாடும். வள்ளியூர்ப் பக்கத்துக்காரி, தோல் கிடங்கில் கூலி வேலை. எழுத்துத் தெரியாது. எண்ணைச் சொன்னால் போதும், ஞானப்பாட்டு முழுவதும் வந்துவிடும். அவள் கணவன் பிச்சையும் அப்படித்தான்.

பிச்சை யுத்தத்தில் ரோடு போடும் படையில் சேர்ந்து அசாமுக்குப் போனான். போகுமுன் இருவரும் பேசிக்கொண்டார்கள்: ஞாயிறு ஒன்பது மணிக்கு, இங்கே பாடும் பாட்டுகளையே அங்கே அவனும் பாட வேண்டும். மாதந்தோறும் எண்களை நான் எழுதி அனுப்புவேன். அவன் பாடியவற்றை யாரிடமாவது சொல்லிப் பதில் எழுதி வாங்கி அனுப்புவான்.

ஏப்ரலுக்குப் பிறகு பதில் இல்லை.

"அவரு இருக்காரா இல்லையான்னே தெரியல. நான் எப்படி அண்ணாச்சி பாட்டெடுப்பேன்?" என்றாள் ஆகஸ்டில். ஆனாலும் எடுத்தாள்.

செப்டம்பர் 13. கோட்டைப் பகுதியில் தபால்களைத் தணிக்கை செய்யும் அலுவலகம் ஒன்று என்னை அழைத்தது. அவளும் கூட வந்தாள். மேசைமேல் என் ஐந்து கடிதங்கள்.

"இதென்ன ஓய், வெறும் நம்பரா இருக்கு? யாருக்குத் தகவல் சொல்றேள்?" என்றார் வெங்கடராமன் என்ற, மாட்டுங்காவில் குடியிருந்த தமிழ்க் குமாஸ்தா.

"பாட்டு நம்பரு ஐயா," என்றாள் தங்கத்தாய்.

என் பாட்டுப் புத்தகத்தை வாங்கி விரித்தார். "எங்கே, நூத்தி நாப்பத்தஞ்சு?"

எழுந்து நின்று பாடினாள். நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டாம் கவி, அதாவது இரண்டாம் சரணம், முடிந்ததும் அவர் கையைக் காட்டினார். "போறும்மா, போறும்!"

"இன்னும் மூணு கவி கெடக்கு ஐயா," என்று சொல்லிவிட்டு, கடைசிவரை பாடினாள். பக்கத்து அறைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

வெங்கடராமன் இழுப்பறையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்துத் தந்தார். பிச்சையின் கடிதங்கள். அவற்றிலும் எண்கள் இருந்ததால் நிறுத்திவைத்திருக்கிறார்கள். கடைசிக் கடிதத்தின் தேதி ஆகஸ்ட் 29. வாசித்தேன்: "நம்பர் வரவில்லை. மார்ச் மாதப் பாட்டுகளையே திரும்பத் திரும்பப் பாடுகிறேன்."

"உசுரோடதான் இருக்கு, கிறுக்கு மனுசன்," என்று சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதன்பின் எண்களை விட்டு, பாட்டின் முதல் வரிகளை எழுதி அனுப்பினேன். இரண்டு வருடம் அப்படியே நடந்தது. பிறகு ஒரு கடிதம்: "டிசம்பருக்கு எழுத வேண்டாம். நேரில் வந்து பாடுகிறேன்." அதுவே கடைசிக் கடிதம். பிச்சை வந்து சேர்ந்த நாள் 1945 நவம்பர் 19, திங்கட்கிழமை.