படியின் மேல் போட்ட பழி

வெர்னா லாக்சோ கோபம் வந்தால் பேசமாட்டாள். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியதில் வந்த பழக்கம் அது. பின்னால் நாற்பது பிள்ளைகள் கூச்சல் போடும்போது, முன்னால் ரோடே தெரியாமல் பனி கொட்டும்போது, ஓட்டுகிறவளும் சேர்ந்து கத்தினால் பஸ் பள்ளத்தில்தான் கிடக்கும். அமெரிக்காவில், மிச்சிகனின் வடகோடியில் நவம்பரில் விழ ஆரம்பிக்கும் பனி ஏப்ரல் வரை விடாது. அந்த ரோட்டில் ஒரு பிள்ளைக்குக் கீறல் விழாமல், ஒரு கண்ணாடி உடையாமல் ஓட்டி முடித்துச் சாவியைக் கொடுத்தவள் அவள். கவனம் என்றால் வெர்னா என்று ஊரில் சொல்வார்கள். வாழ்நாளில் அவள் சம்பாதித்த பேர் அது ஒன்றுதான்.

அந்தப் பேரை அவள் புருஷன் ரெய்னோ ஜூலை மாதம் ஆஸ்பத்திரியில் வைத்து மூன்றே வார்த்தையில் கெடுத்தான்.

"படியில வழுக்கி விழுந்துட்டா."

கேரவனின் படியில் அவள் வழுக்கவும் இல்லை, விழவும் இல்லை. பிக்கப் வண்டியின் பின்னால் கேரவன் என்கிற சக்கர வீட்டைக் கோத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. இடத்தில் நிறுத்தியதும் முதலில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. அதற்கப்புறம்தான் கொக்கியை விடுவிப்பது. பின்னால் ஒருவர், முன்னால் ஒருவர். முன்னால் இருப்பவர் "கட்டை போட்டாச்சா?" என்று கேட்பார், பின்னால் இருப்பவர் "போட்டாச்சு" என்பார். போய்ப் பார்க்கும் வழக்கம் கிடையாது. புருஷன் சொல்லைப் போய்ச் சரிபார்த்தால் அது அவனை அவமதித்தது மாதிரி. பத்தொன்பது வருடமாக வெர்னா கேட்பாள், ரெய்னோ பதில் சொல்வான்.

ஜூலையிலும் கேட்டாள். பக்கத்து இடத்துக்காரன் பிடித்து வந்த மீனை எட்டிப் பார்த்துக்கொண்டே ரெய்னோ "போட்டாச்சு" என்றான். கட்டை இரண்டும் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. அவள் கொக்கியை விடுவித்ததும் கேரவன் சரிவில் பின்னுக்கு நகர்ந்தது. முன்பக்கத்தைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால், அடியில் வைத்த பலகையிலிருந்து நழுவி அவள் இடது பாதத்தின் மேல் இறங்கியது. மூன்று எலும்பு போயிற்று. இரண்டு ஆணி ஏறிற்று.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது ரெய்னோ முந்திக்கொண்டான். அழுதுகொண்டே சொன்னான். மே மாதம்தான் அவனைக் கேரவன் சங்கத்துக்குத் தலைவனாக்கியிருந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுப்பது தலைவன் வேலை. பாவம், அவமானத்தில் உளறுகிறான், வீட்டுக்கு வந்ததும் அவனே சரிசெய்வான் என்று வெர்னா வாயை மூடிக்கொண்டாள். அது அவள் செய்த முட்டாள்தனம்.

அவன் சரிசெய்யவில்லை. பொய்க்குக் கண் காது மூக்கு வைத்து வளர்த்தான். ஆகஸ்டில் படி ஈரமாக இருந்தது என்றான். செப்டம்பரில் அவள் கையில் ஒயின் கோப்பை வந்துவிட்டது. வெர்னா ஒயினைத் தொட்டு இருபது வருடமாகிறது. மற்றபடி சமைத்தான், துவைத்தான், குளியல் தொட்டியில் உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றினான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. சோப்பு நுரையோடு இருக்கிறவள் எப்படிச் சண்டை போடுவது?

அக்டோபர் முதல் வாரம், தண்ணீர்க் குழாய்கள் உறைவதற்கு முன்னால் சங்கத்தின் கடைசி முகாம். ஏரிக்கரையில் மேப்பிள் மரங்கள் செக்கச்செவேலென்று நின்றன. காலில் எலும்பு கூடப் போட்ட பிளாஸ்டிக் பூட்ஸும் கக்கத்தில் ஊன்றுகோலுமாக வெர்னா வந்தாள். டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டார். போனால் அங்கே அத்தனை பேர் முன்னாலும் இவனுக்கு வெட்கம் வந்து உண்மையைக் கக்கிவிடுவான் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

வந்தவுடனே தமாஷ் ஆரம்பித்துவிட்டது. யாராவது கேரவனை ரிவர்ஸ் எடுத்தால் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்ப்பது அங்கே எல்லோருக்கும் பொழுதுபோக்கு. எப்போதும் ஒரே தடவையில் உள்ளே விடும் வெர்னா இந்த முறை பக்கத்து சீட்டில் இருந்தாள். ரெய்னோ ஏழு தடவை முன்னே பின்னே எடுத்தான்.

"வெர்னா, இறங்கும்போது பாத்து இறங்கு! தரை கீழதான் இருக்கு!" என்று கத்தினான் ஆர்விட். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நல்ல மனுஷன்தான், வாய்தான் ஓயாது.

எல்லோரும் சிரித்தார்கள். ரெய்னோவும் சிரித்தான். வெர்னா அவனைப் பார்த்தாள். அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

மறுநாள் சனிக்கிழமை மதியம், ஆர்விட் பெரிய பானையில் மான்கறி கொதிக்கவிட்டிருந்தான். கர்ட்டிஸ், பிரென்னா என்று ஒரு இளம் ஜோடி அப்போதுதான் வந்து சேர்ந்தது. புதுக் கேரவன், முதல் முகாம். ரெய்னோ தலைவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போனான். முகாமில் இருந்த மற்ற பன்னிரண்டு பேரும் நாற்காலியோடு பின்னாலேயே போனார்கள், வெர்னாவும்தான்.

"எது ஆபத்து தெரியுமா தம்பி? படி! நம்பலேன்னா என் வீட்டுக்காரியைக் கேளு."

சிரிப்பு அடங்குவதற்குள் பிரென்னா முன்பக்கம் குனிந்து கொக்கியில் கை வைத்தாள்.

"கட்டை போட்டாச்சா?"

"போட்டாச்சு!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவள் பாதம் இரும்புக் காலுக்கு நேர் கீழே இருந்தது.

"கையை எடு!" வெர்னா போட்ட சத்தத்தில் ஏரியில் இருந்த வாத்துகள் எழுந்து பறந்தன. "எடுன்னா எடு! அவன் சொன்னா ஆச்சா? நீயே போய்ப் பாத்துட்டு வா!"

பிரென்னா பயந்துபோய் ஓடிப் பார்த்தாள். கட்டை இருந்தது. இரண்டு பக்கமும், நன்றாக அடித்து இறுக்கி. கர்ட்டிஸ் முகம் சிவந்து நின்றான்.

"நான் போட்டுட்டேன்னுதானே சொன்னேன்?"

"விடு தம்பி," என்றான் ஆர்விட். "படியில சறுக்கினவளுக்குக் கட்டைமேல என்ன கோவமோ தெரியல!"

மறுபடி சிரித்தார்கள். வெர்னா ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள்.

"ரெய்னோ. சொல்லு."

"என்னத்தைச் சொல்ல? வா, சாப்பாடு ஆறுது."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

ரெய்னோ தொப்பியைக் கழற்றினான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கட்டை போடவில்லை என்றான். போட்டாச்சு என்று பொய் சொன்னேன் என்றான். படியும் பொய், ஒயினும் பொய். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

அப்புறம் ஆர்விட் போய் அவனைக் கட்டிக்கொண்டான்.

"எத்தனை பேருக்குடா இந்தத் தைரியம் வரும்? மனுஷன்டா நீ!"

கர்ட்டிஸ் கை கொடுத்தான். ஒருவர் முதுகில் தட்டினார். இன்னொருவர், அடுத்த வருஷமும் இவனே தலைவனாக இருக்கட்டும், இப்படிப்பட்டவன்தான் வேண்டும் என்றார். யாரோ கைதட்டவும் தட்டினார்கள். பொய் சொல்லி மூன்று மாதம் வைத்திருந்தவனுக்குக் கைதட்டல். அந்தப் பொய்யைச் சுமந்தவள் பக்கம் ஒரு கண் திரும்பவில்லை. ரெய்னோ கண்ணைத் துடைத்துக்கொண்டு வெர்னாவைப் பார்த்துச் சிரித்தான். இருவரும் சேர்ந்து ஒரு பெரிய காரியத்தை முடித்துவிட்ட மாதிரி சிரித்தான்.

வெர்னாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் குரல் உயரவில்லை. பஸ்ஸில் கடைசி சீட்டுப் பிள்ளைகளிடம் பேசும் அந்த நிதானமான குரல்தான் வந்தது.

"மனசு லேசாயிடுச்சா ரெய்னோ? ரொம்ப நல்லது. என் கால்ல இன்னும் ரெண்டு ஆணி இருக்கு."

கைதட்டல் நின்றது.

"எப்படி விழுந்தேன்னு மூணு மாசமா எல்லாரும் கேட்டீங்க. கேட்டுக் கேட்டுச் சிரிச்சீங்க. வலிக்குதான்னு ஒரு ஜென்மம் கேட்டுச்சா? ஒரே ஒரு ஆளு?"

ரெய்னோவின் முதுகில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஏதாவது வேணுமா, தலையணை வேணுமா, டீ வேணுமா என்று அவன் தினமும் கேட்டிருக்கிறான். இதை மட்டும் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"வலிக்குதா, வெர்னா?" என்றான்.

"இதைக் கேக்க உனக்கு மூணு மாசமும் பன்னெண்டு பேரும் வேண்டியிருந்துச்சு," என்றாள் அவள். "வலிக்குது ரெய்னோ. நீ அங்க நின்னு கைதட்டு வாங்கினியே, அப்பவும் வலிச்சுது."