மொரோக்கோக் குசினியில் ஒரு யாழ்ப்பாணத்துத் தலைப்பாகை

சாப்பாட்டுக்கடையில் மிளகாய்த்தூள் கண்ணில் பட்டால் கழுவிவிடலாம். வாடிக்கையாளரின் அறிவு காதில் பட்டால் கழுவ வழியில்லை. குசினியிலும் மேசையடியிலும் நின்று தேய்ந்த என் சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில், ஒரு மொரோக்கோச் சாப்பாட்டுக்கடையில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். முதலாளி லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருப் பக்கத்து சிஞ்ஞோரா, எங்கள் பேச்சில் அம்மணி. மராக்கேஷில் நாலு நாள் விடுமுறை கழித்துவிட்டு வந்து கடை திறந்தவர். சமைப்பவள் சஹ்ரா, மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்துக்காரி. நான் யாழ்ப்பாணத்தான்.

பெயர் சூட்டு விழா

நான் வேலை கேட்டுப் போனது பரிமாறத்தான். சிஞ்ஞோரா என் கறுப்பை மேலும் கீழும் பார்த்துச் சந்தோசப்பட்டார். உள்ளே போய் ஒரு நீலத் தலைப்பாகையும் கணுக்கால் வரை தொங்கும் அங்கியும் கொண்டுவந்தார். குகன் ஐந்து நிமிடத்தில் ஓமார் ஆனான். வேலை ஒப்பந்தத்தில் ‘சமையல்காரர்’ என்றும் எழுதிவிட்டார். அதுவரை நான் சமைத்தது முட்டைப்பொரியல் மட்டும்.

சஹ்ராவின் ஒப்பந்தத்தில் இருந்தது ‘பாத்திரம் கழுவுபவர்’. அவள் அப்படித்தான் சேர்ந்தாள். பழைய சமையல்காரன் போனபின் அடுப்பு முழுவதும் அவள் கைக்கு வந்தது, கடதாசி மட்டும் மாறவில்லை. அது மாறாமல் வேறெந்தக் கடையும் அவளைச் சமையலுக்கு எடுக்காது. மாதாமாதம் கேட்பாள், ‘அடுத்த மாதம்’ என்பார் சிஞ்ஞோரா. ஆள் நல்ல வெளுப்பு, பச்சைக் கண். இத்தாலிய வாயில் சஹ்ரா சாரா ஆகிவிடுவாள். ஒருநாள் தண்ணீர்ப் போத்தலோடு மேசைப் பக்கம் வந்தவளை சிஞ்ஞோரா கையில் பிடித்து உள்ளே இழுத்தார். “சாரா, நீ வெளியாலை வராதை. உன்னைப் பாத்தால் ஆரும் மொரோக்கோக்காரி எண்டு நம்பமாட்டினம்.”

என் கெட்டித்தனம்

மொரோக்கோவில் வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால் கூஸ்கூஸ்தான். ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் இருந்து, அவரவர் பக்கத்தில் இருப்பதை அள்ளிச் சாப்பிடுவார்கள். நான் சேர்ந்த முதல் வெள்ளியன்று சஹ்ரா ரவையில் தண்ணீர் தெளித்து உள்ளங்கையால் உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இது புட்டு! இதற்கா இவ்வளவு ஆரவாரம்? கீழ்ச் சட்டியில் இறைச்சியும் காய்கறியும் கொதிக்க, மேல் சட்டியில் ரவை ஆவியில் இருந்தது. அவள் அந்தப் பக்கம் போன நேரம், புட்டு அவிந்த கணக்கில் நானே இறக்கி, பலகாரத்துக்கு வைத்திருந்த தேங்காய்த்தூளையும் தூவி, தட்டில் அடுக்கிவிட்டேன்.

ஒருதரம் அவித்துக் கொட்டி, தண்ணீர் தெளித்து, எண்ணெய் பூசி, கட்டி உடைத்து மறுபடி ஏற்றவேண்டுமாம். அப்படி மூன்று தரம். சஹ்ரா ஏசவில்லை. என் தலைப்பாகையைப் பார்த்துச் சொன்னாள்: “உன்ர நாட்டிலை இதுக்கு ஒரு பேர் இருக்கும், ஓமார். என்ர நாட்டிலை இது பாதி அவிஞ்ச ரவை.”

கடல் இல்லாத நாடு

சிசிலியின் மேற்குக் கரையில் திராப்பானி என்று ஓர் ஊர். அங்கேயும் கூஸ்கூஸ் செய்வார்கள், மீன் குழம்பு ஊற்றி. வட ஆபிரிக்காவில் இருந்து கடல் கடந்து வந்த சாப்பாடு என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அந்த ஊர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எங்கள் கடைக்கு வந்து, ஒரு கரண்டி வாயில் வைத்ததும் என்னைக் கூப்பிட்டு, கூஸ்கூஸ் பிறந்த இடம் திராப்பானி என்று அரை மணித்தியாலம் பாடம் எடுத்தார். அவர் தலைக்கு மேலே மொரோக்கோ வரைபடம் தொங்கியது. இரண்டு பக்கமும் கடல் நீலம்.

மொரோக்கோவிலும் மீன் போட்டுச் செய்வார்கள் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவர் முகத்தில் இரக்கம் பொங்கியது. “பாவங்கள் தம்பி, அவையளுக்குக் கடல் இல்லைத்தானே, மீனுக்கு எங்கை போறது?”

எங்கட ஆள்

இத்தாலியரை மட்டும் திட்டினால் பாவம் சேரும். பலெர்மோவிலேயே சீசா என்ற பகுதியில் இருந்து, எங்கட நாட்டுச் சிவராசா அண்ணை மனைவியின் பிறந்தநாளுக்கு வந்தார். சீசா என்ற பெயரே அரபுச் சொல்லில் இருந்து வந்தது. அங்கே இருபது வருடமாகக் குடியிருக்கும் அண்ணைக்கு அரபுக்காரர் கைச் சாப்பாடு என்றால் சந்தேகம். உப்பில் ஊறிய எலுமிச்சையும் ஒலிவும் போட்ட கோழியை, தஜின் என்ற கூம்பு மூடிச் சட்டியோடு வைத்தேன். மூடியைத் திறந்து, மூடி, திறந்து பத்துப் படம் எடுத்தார். கோழி ஆறி விறைத்துப்போனது.

பிறகு கூஸ்கூஸில் ஒரு வாய் வைத்தார். கடை முழுக்கக் கேட்கும்படி மனைவியிடம் சொன்னார்: “இஞ்சை பாரும், எங்கட புட்டைக் குழலுக்கை போடாமல் உதிர்த்து வைச்சு, பேரை மாத்திப்போட்டாங்கள். தம்பி, சம்பல் இருக்கோ?”

வேர்கள்

‘மொரோக்கோச் சமையலின் வேர்கள்’ என்று சிஞ்ஞோரா ஒரு வகுப்பு அறிவித்தார். படிப்பிப்பது ஓமார். வேர் குசினிக்குள் சட்டி கழுவிக்கொண்டிருந்தது.

லிபெர்த்தாவில் இருந்து எட்டுப் பெண்கள் புது ஏப்ரனோடு வந்தார்கள். சமைக்கத் தொடங்கமுன் உங்கள் மொழியில் என்ன சொல்லுவீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். “கடவுளே, இந்த வேசத்தைக் கழட்ட ஒரு வழி காட்டு” என்று தமிழில் சொன்னேன். நாலு பேர் அதை எழுதி எடுத்தார்கள். அடுத்தவள், ஏன் மூன்று தரம் அவிக்கவேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாகச் சமையல்காரன் என்ற பெயரில் நிற்கிறேன், தெரியாது. வெட்கமாக இருந்தது. தலைப்பாகையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “நான் இலங்கைத் தமிழன். இஞ்சை சமைக்கிறது இவதான்” என்று சஹ்ராவைக் கூப்பிட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவிந்த ரவையில் அவர்கள் கையைப் பிடித்து வைத்து, முதல் ஆவியில் உள்ளே இன்னும் கல்லாக இருப்பதையும், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தண்ணீர் குடித்து மணி பருப்பதையும் காட்டினாள். அரை மணித்தியாலம் எட்டுப் பேரும் அவள் கையைப் பார்த்துப் பார்த்து ரவையை உருட்டினார்கள். உண்மை வெளியே வந்துவிட்டது என்று நான் பூரித்துப்போய் நின்றேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி சஹ்ராவின் இரண்டு கையையும் பிடித்தாள். “சிஞ்ஞோரா சாரா, ஒரு பலெர்மோக்காரி இவ்வளவு வடிவாய்ப் பழகியிருக்கிறியளே! ஓமார்தான் சொல்லித் தந்தவரோ?”

ஒரு நிபந்தனை

அடுத்த கிழமை அந்த எட்டுப் பேரும் போன் எடுத்து, சிசிலிச் சமையல்காரி சாராவின் வகுப்பு எப்போது என்று கேட்டார்களாம். சிஞ்ஞோரா இரண்டு கடதாசி கொண்டுவந்து வைத்தார். எனக்குப் ‘பரிமாறுபவர்’, சந்தோசமாகக் கையெழுத்து வைத்தேன். சஹ்ராவுக்குச் ‘சமையல்காரி’. ஒரே நிபந்தனை, ஃபெஸ் என்ற ஊர்ப் பேச்சை ஆட்களுக்கு முன் எடுக்கக் கூடாது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வைக்காதே என்று கண்ணைக் காட்டினேன்.

சஹ்ரா ‘சமையல்காரி’ என்ற அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தாள். கையெழுத்து வைத்து, தன் பிரதியை மடித்துப் பையில் போட்டாள். குசினிக்குள் வந்ததும் என்னிடம் சொன்னாள்: “மொரோக்கோக்காரியாய் இருந்து வருசக்கணக்காய்ச் சட்டி கழுவினன். சிசிலிக்காரியாய் அரை மணித்தியாலம் நிண்டன், சமையல்காரி ஆகிட்டன். இந்தக் கடதாசியோடை அடுத்த கடைக்குப் போறன் பார், அங்கை முதல் வசனமே ஃபெஸ் எண்டுதான் சொல்லுவன்.”

ஆக, பலெர்மோவில் மொரோக்கோச் சமையல் என்பது ஃபெஸ்காரி சமைத்து, சிசிலிக்காரி பெயர் எடுத்து, யாழ்ப்பாணத்தான் விளக்கம் சொல்லி, ஊர் முழுக்கத் தின்றுவிட்டுத் திருத்தம் சொல்லும் ஒரு தொழில்.