நயினார் வீட்டுப் பத்திரிகையில் ராத்திரி விருந்து

1. முதல் நாள் கேள்வி

பிரஸ்ஸில் சேர்ந்த முதல் நாள் முதலாளி நாயுடு என்னிடம் கேட்ட கேள்விக்கும் அச்சு வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

"ஆரணில எத்தினி பாஷை பேசறாங்க, சொல்லு பாக்கலாம்."

"தமிழுங்க. அப்புறம் உருது."

"போடா! நான் வூட்ல தெலுங்கு பேசறேன், அது உன் கணக்குல வரல. பட்டுத் தறிக்காரங்கள்ல ஒரு கூட்டம் வூட்ல சௌராஷ்டிரம் பேசுது. அடகுக்கடை சேட்டு மார்வாடி. ஜாகீர்தாருங்க ஆண்ட காலத்துல வந்த மராட்டிக்காரங்க இன்னும் நாலு வூடு கீறாங்க. இத்தினி பேரு வூட்லயும் கல்யாணம் நடக்கும். கல்யாணம்னா பத்திரிகை. அதாண்டா நம்ம பொழப்பு."

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் சந்தவாசல் பக்கத்தில் கூலி வேலைக் குடும்பத்திலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வந்தவன். எங்கள் தெருவில் அப்போது பத்திரிகை அடிக்கிற வழக்கமே கிடையாது. வெற்றிலை பாக்கோடு வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் முடிந்தது. அதனால் ஊரில் யார் யார் எப்படி என்பதை நான் ஈய எழுத்துகளில்தான் படித்தேன்.

கம்போஸிங் என்றால் ஒவ்வொரு எழுத்தாக மரத்தட்டிலிருந்து பொறுக்கி அடுக்குவது. முதலில் அடுக்குவது பத்திரிகையின் தலைப்பு வரி. முதலியார் வீடென்றால் பிள்ளையார் சுழியும் முருகன் துணையும். பாய் வீடென்றால் 786. அவர்களில் சிலருக்கு உருதுவிலும் வேண்டும். எங்களிடம் உருது எழுத்து கிடையாது, வேலூருக்கு எழுதி அனுப்பி பிளாக், அதாவது அச்சுக்கட்டை, செய்து வரவழைப்போம். தெலுங்கு எழுத்து ஒரே ஒரு தட்டு இருந்தது, அதிலும் பாதி எழுத்து தேய்ந்து போனது. கிறிஸ்தவர் வீட்டுக்கு சிலுவை பிளாக். தலைமுறை தலைமுறையாகத் தமிழே பேசும் ஜைனர்களான நயினார் வீட்டுக்கு ஆதிநாதர் துணை.

நாலு வருஷத்தில் எல்லாம் மனப்பாடம். வாசலில் ஆள் நுழையும்போதே எந்தத் தலைப்பு என்று கை போய்விடும். எனக்குத் தலைக்கனம் ஏறியதும் அப்போதுதான். ஆரணியை என் சட்டைப் பைக்குள் போட்டு வைத்திருப்பதாக நினைப்பு.

2. மாறாமல் போன வரி

ஆவணி மாதம், முகூர்த்த நெரிசல். ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் அப்பாண்டை நயினார் தன் ஒரே மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்தார். மாப்பிள்ளை வீடு பெரணமல்லூர் பக்கம் ஒரு கிராமம்.

நெரிசல் காலத்தில் நாங்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். ஒரு பத்திரிகை அச்சடித்து முடித்ததும் எழுத்துகளைக் கலைக்காமல் அப்படியே நூல் கட்டி வைப்போம். அதற்கு ஸ்டாண்டிங் மேட்டர் என்று பெயர். அடுத்தவர் வரும்போது பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றினால் போதும். நயினார் பத்திரிகைக்கு முந்தின வாரத்து முதலியார் வீட்டு மேட்டரை எடுத்தேன். தலைப்பை மாற்றினேன், பெயர்களை மாற்றினேன். கடைசியில் இருந்த "இரவு 8 மணிக்கு விருந்து" என்ற வரி அப்படியே நின்றுவிட்டது.

அச்சேற்றும் முன் பிழை பார்க்க ஒரு ப்ரூஃப் எடுத்துக் காட்டினோம். ப்ரூஃபில் எல்லோரும் பெயரைத்தான் பார்ப்பார்கள். தாய்மாமன் பெயர் சித்தப்பா பெயருக்கு மேலே இருக்கிறதா, மச்சானுக்கு பி.ஏ. போட்டாயிற்றா, அதுதான் கவலை. நயினாரும் பெயர்களைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாணவன் விடைத்தாளை வரி வரியாகத் திருத்துகிற மனுஷன்!

அடுத்த வாரம் அவரே பத்திரிகையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"தம்பி, நாங்க பொழுது சாய்ஞ்சா சாப்பிடறதில்ல. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் கொடுமை. விளக்கு வைத்தபின் உண்டால் பூச்சி புழு சாகும் என்று வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடிக்கிறவர்கள் அவர்கள். ஆரணியில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

"முதல் கட்டு சம்பந்தி வூட்டுக்குத்தான் அனுப்பினேன். மாப்பிள்ளையோட அம்மா நோன்பு நேமம் தவறாதவங்க. ராத்திரியில எல போடற வூட்ல பொண்ணு எடுக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

நாயுடு எழுந்து போய், கம்பியில் குத்தி வைத்திருந்த ப்ரூஃபை உருவிக்கொண்டு வந்தார்.

"வாத்தியாரே, இதோ பாருங்க, உங்க கையெழுத்து."

நயினார் அதைப் பார்த்தார். "ஆமா, என்னுதுதான்" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நிமிஷம் நாயுடு மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது சொல்லலாம், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். என் மேல் வந்தது அதைவிடப் பெரிது.

ஆனால் நாயுடு கெட்டவர் இல்லை. இரண்டே நாளில் எல்லாப் பத்திரிகையையும் புதிதாக அடித்துக் கொடுத்தார். அதில் ஒரு கட்டு எடுத்து என் கையில் திணித்தார்.

"நீயே போ. மாப்பிள்ளை வூட்டாண்ட போய் நடந்தது இன்னான்னு சொல்லிட்டு வா. எதுனா கேட்டாங்கன்னா இந்த ப்ரூஃபைக் காட்டு. பிரஸ் பேரு கெடக்கூடாது."

3. சட்டைப் பையில் ஒரு காகிதம்

பெரணமல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். ஒரு கையில் புதுப் பத்திரிகைக் கட்டு, பையில் அந்த முதலியார் வீட்டுப் பழைய பத்திரிகை ஒன்று, சட்டைப் பையில் ப்ரூஃப்.

மாப்பிள்ளையின் அப்பா சாந்திகுமார நயினார் வாசலிலேயே இருந்தார். "எந்த ஊருப்பா? யாரு வூட்டுப் புள்ள?" என்றார். அந்தக் காலத்தில் முதல் கேள்வி அதுதான். சொன்னேன். சொன்னபின் வெளியிலேயே நிற்பதற்குத் தயாராகத்தான் இருந்தேன். "உள்ள வா, வெயில்ல நிக்காத" என்று நாற்காலியைக் காட்டினார். எல்லா வீட்டிலும் அப்போது அப்படி நடக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் அம்மா கதவை ஒட்டி நின்றார். மாப்பிள்ளையும் இருந்தார், மெட்ராஸில் குமாஸ்தா வேலை.

இவர்களிடம் இருந்த தப்புப் பத்திரிகையை வாங்கி, முதலியார் வீட்டுப் பத்திரிகையின் பக்கத்தில் வைத்தேன். "பாருங்கம்மா, ரெண்டுலயும் கடைசி வரி ஒண்ணு. அந்த வரி வேற வூட்டுது. நான் மாத்தாம வுட்டுட்டேன். வாத்தியார் எழுதிக் குடுத்தது சாயங்காலம் நாலு மணின்னுதான்."

அந்த அம்மா இரண்டையும் வாங்கிப் பார்த்தார். மாப்பிள்ளைதான் கேட்டார்: "அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ப்ரூஃப் காட்டுவீங்களே? பொண்ணு வூட்ல பார்க்கலியா?"

அங்கே மாட்டிக்கொண்டேன். காட்டினேன் என்றால் பெண்ணின் அப்பா ராத்திரி விருந்துக்குக் கையெழுத்துப் போட்டவர் ஆகிவிடுவார். காட்டவில்லை என்றால் என் தொழிலே போச்சு. ப்ரூஃப் காட்டாமல் அச்சடிக்கிறவனை எந்த பிரஸ்ஸிலும் சேர்க்க மாட்டார்கள்.

"இல்லீங்க. அவசரத்துல ப்ரூஃப் காட்டாமயே அடிச்சுட்டேன்."

காகிதம் சட்டைப் பையில் மொறமொறவென்று இருந்தது. நான் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா வேலக்காரன் நீ? ஒரு குடும்பத்து மானத்தோட வெளையாடறே. அந்த வாத்தியாரு பாவம், இன்னா பாடு பட்டிருப்பாரு!" என்று ஆரம்பித்து நன்றாக வாங்கு வாங்கு என்று வாங்கினார். ஒவ்வொரு திட்டும் எனக்குத் தேனாக இறங்கியது. திட்டி முடித்துவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டு வந்து வைத்தார். பத்திரிகைக் கட்டைப் பிரித்து, யார் யாருக்குக் கொடுப்பது என்று அங்கேயே எண்ண உட்கார்ந்துவிட்டார்.

4. கற்றுக்கொண்டது

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வரும் வரைக்கும் இந்த வேலையில்தான் இருந்தேன். ஆள் உள்ளே வந்ததும் தலைப்புக்குக் கை நீட்டுவதை விட்டுவிட்டேன். மார்வாடியோ முதலியாரோ பாயோ, "உங்க வூட்ல எப்படிங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் எழுத்து அடுக்கும் ஸ்டிக்கைத் தொடுவேன். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு பாய் தன் நயினார் சிநேகிதர்களுக்காக மாலை ஐந்து மணிக்குச் சைவச் சாப்பாடு என்று தனி வரி போடச் சொன்னார். கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் விட்டுப்போயிருக்கும்.

தம்பிகளே, நீங்கள் இப்போது பழைய ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுகிறீர்கள். மேட்டர் போய் ஃபைல் வந்திருக்கிறது, ஆபத்து அதேதான். கடைசி வரியையும் படியுங்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சரியாக நாலு மணிக்குப் பந்தி. நல்ல வெயில். சேட்டு, பாய், தறிக்காரர்கள், நாயுடு என்று ஆரணியே வேர்த்து வழிந்துகொண்டு இலை முன் உட்கார்ந்திருந்தது. எனக்குப் பரம சந்தோஷம். சாந்திகுமார நயினார் வந்து பக்கத்தில் குனிந்தார்.

"நீ வர்றதுக்கு மொத நாளே சம்பந்தி கடுதாசி எனக்கு வந்துடுச்சுப்பா. ப்ரூஃப்ல படிக்காம கையெழுத்துப் போட்டது நான்தான், பிரஸ் பையன் மேல தப்பு இல்லன்னு எழுதியிருந்தாரு."

எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன். "அப்போ அன்னிக்கு நான் சொன்னது பொய்யின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏங்க என்னைத் திட்டு வாங்க வுட்டீங்க?"

அவர் பந்தியின் அந்தக் கோடியில் வடை பரிமாறிக்கொண்டிருந்த மனைவியை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"கடுதாசியை அவ கையில குடுக்க எனக்கு தைரியம் இல்ல. பொய் சொல்றதும் எங்களுக்கு ஆகாது. ராத்திரி பூரா இன்னா பண்றதுன்னு முழிச்சுகினு இருந்தேன், நல்லவேளை நீ வந்தே" என்றார். என் இலையில் இன்னும் இரண்டு வடை போடச் சொன்னார்.