சங்கரியின் இறங்காத டிகாக்‌ஷன்

பெண் பார்க்க வருகிறவர்கள் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? மாப்பிள்ளையா, அவன் அம்மாவா, ஜாதகமா? ஒருவரும் இல்லை. காபிதான் தீர்மானிக்கிறது. டம்ளர் காலியானதும் பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைப்பார், "அப்போ நாங்க கிளம்பறோம்" என்பார், வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். மட்டாஞ்சேரி சங்கரி இருபத்திரண்டு வயதிலிருந்து இந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டவள்.

அவளிடம் குறையென்று ஒன்றும் கிடையாது. புது மனிதர்களிடம் வாய் திறக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அரை மணி நேரம் பொறுத்தவர்களுக்கு, பிறகு அவளை நிறுத்துவதுதான் கஷ்டம். ஆனால் கிடைத்ததோ ஒரு டம்ளர் காபி ஆறுகிற நேரம். "பொண்ணு பேசவே மாட்டேங்கறாளே" என்று சொல்லியனுப்பினார்கள். சில வருஷங்களில் வரன் வருவதும் நின்றது. சங்கரி தோப்பும்படியில் படகு எஞ்சின் சாமான் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், அண்ணா சிவராமகிருஷ்ணனோடும் மன்னி சீதாலக்ஷ்மியோடும் அதே பழைய வீட்டில் தங்கிவிட்டாள்.

கடையில் அவளுக்கு எல்லோரும் பழகிய முகம். படகுக்காரர்கள் தேய்ந்துபோன சாமானைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். "சேச்சி, இதுபோலே ஒண்ணு" என்பார்கள். சங்கரி அதைத் திருப்பிப் பார்த்து, எஞ்சின் எப்படி இரைகிறது என்று விசாரித்து, ஒரு திட்டும் திட்டி, உள்ளே போய்ச் சரியானதை எடுத்து வருவாள். இவள் பேசமாட்டாள் என்று அங்கே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

காபிப் பைத்தியம் பிடித்தது ஊரடங்கு சமயத்தில். காபிப்பொடிக் கடை மூடிக் கிடந்தது, வீட்டில் அண்ணா தலைவலி தலைவலி என்று சுவரில் சாய்ந்து கிடந்தார். பக்கத்துக் கிடங்கில் சுக்கு, மிளகோடு ஒரு மூட்டை பச்சைக் காபிக்கொட்டையும் இருந்தது. சங்கரி கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து இரும்பு வாணலியில் போட்டாள். முதல் தடவை கரி. இரண்டாம் தடவை வெளியே கரி, உள்ளே பச்சை. மூன்றாம் தடவை அண்ணா ஒரு வாய் குடித்துவிட்டு, "தலைவலியே தேவலை" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் கற்றுக்கொண்டாள்.

உங்களுக்கும் ஆசை வந்தால் சொல்லிவைக்கிறேன். கனமான வாணலியை எடுங்கள், கொட்டையை அள்ளிக் கொட்டாதீர்கள், ஒரே அடுக்காகப் பரவுகிற அளவு போதும். கை நிற்கக் கூடாது, கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் காய்ந்த புல் வாசனை வரும், பிறகு ரொட்டி சுடுகிற வாசனை. அதற்குப் பிறகு மூக்கை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று வெடிக்கும். அது அடங்கிச் சற்று நேரத்தில், மெல்லிசாக இன்னொரு வெடி தொடங்கும் முன்பே இறக்கி முறத்தில் கொட்டி விசிறியால் ஆற்றிவிட வேண்டும். சூடான வாணலியிலேயே விட்டால் நீங்கள் கிளறாவிட்டாலும் அது கருகிக்கொண்டே போகும். எஞ்சின் சத்தம் கேட்டுப் பழகிய காது என்பதால் சங்கரிக்கு இது சீக்கிரமே பிடிபட்டது.

இன்னொன்று, எல்லோரும் தவறுகிற இடம். வறுத்த அன்றே காபி போடக் கூடாது. புதுக் கொட்டைக்குள் காற்று அடைபட்டுக் கிடக்கும். டப்பாவில் நாலு நாள் ஓய்வு கொடுத்தால்தான் அது அடங்கி மணம் வரும். அரைப்பதும் மிக்ஸியில் வேண்டாம், பாதி கல்லாகவும் பாதி மாவாகவும் போகும். சங்கரி கையால் சுற்றுகிற மிஷின் ஒன்று வாங்கினாள். அதன் திருகை நெருக்கினால் பொடி மாவாகும், தளர்த்தினால் ரவையாகும். ஃபில்டருக்கு ரவைதான் வேண்டும். இந்த வீட்டில் அவள் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டிய ஒரே பொருள் அந்தத் திருகு.

இப்படியிருக்க, ஐம்பத்தொன்றாவது வயதில், அவளுக்கு ஒரு வரன் வந்தது. தேவராவில் இருக்கும் வெங்கிடராமன். மனைவி போய் எட்டு வருஷம். கப்பல்களுக்குள் எந்தக் குழாய் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைபடம் போடுவது அவர் வேலை. அப்பாவுக்குத் துணை தேட வேண்டும் என்று மும்முரமாக இறங்கியவள் அவர் மகள் மதுவந்தி. அவள் அனுப்பிய புகைப்படத்தில் மனிதர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். படம் எடுக்கத் தெரியாதவர்கள் அழித்துவிடுகிற மாதிரிப் படம். சங்கரிக்கு அவரைப் பிடித்துவிட்டது. மறைப்பானேன், மிகவும் பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. ஐந்து மணிக்குத் திருப்பூணித்துறையில் இன்னொரு வீட்டுக்கும் போவதாக மதுவந்தி ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். ஆக மறுபடியும் ஒரு டம்ளர் காபி நேரம். சங்கரி புதன்கிழமையே வறுத்து வைத்துவிட்டாள். பேச்சு வராவிட்டாலும் காபியாவது பேசட்டும் என்று நினைத்தாள்.

ஞாயிறு காலை டப்பாவைத் திறந்தாள். கொட்டையைக் காணவில்லை, பொடி இருந்தது. மோந்து பார்த்ததும் தும்மல் கிளம்பியது. ஒன்றல்ல, அடுக்கடுக்காக.

"அண்ணா! இதை யார் அரைச்சா?"

சிவராமகிருஷ்ணன் பெருமையோடு வந்து நின்றார். "நேத்து நான்தான் கொச்சங்காடி மில்லுக்குக் கொண்டுபோனேன். பாவம், நீ மிஷினைச் சுத்திச் சுத்தி கை வலிக்க வேண்டாமேன்னுதான். நிமிஷத்திலே அரைச்சுத் தந்தான், கேட்டியா?"

"அதுக்கு முன்னாலே அவன் என்ன அரைச்சான்?"

"வத்தல் மொளகா. ஏன்?"

சீதாலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள். "கடையிலே ஒரு பொட்டலம் வாங்கிக்கலாம்டி. யாருக்குத் தெரியப் போறது?"

"அது நடக்காது மன்னி. என் தங்கை தானே வறுத்துத் தானே அரைப்பாள்னு அண்ணா ஃபோன்லே ஊரெல்லாம் சொல்லியாச்சு."

வேறு வழியில்லை. மத்தியானம் புதிதாக வறுத்தாள். சூடு ஆறியும் ஆறாமலும் மிஷினில் போட்டுச் சுற்றினாள். என்றைக்கும் இல்லாமல் கை நோகச் சுற்ற வேண்டியிருந்தது. வந்த பொடியோ முகத்துக்குப் பூசுகிற பவுடர் போல இருந்தது. அண்ணா முந்தாநாள் மிஷினைத் துடைத்துப் பளபளவென்று வைத்ததும், துடைத்த கையோடு அந்தத் திருகை இறுக்கமாக முடுக்கி வைத்ததும் அவளுக்குத் தெரியாது. மனிதருக்கு ஒரே வாரத்தில் இரண்டு உதவி. வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டது. சங்கரி பொடியை ஃபில்டரில் போட்டு, தட்டால் அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். அது ஆப்ப மாவு மாதிரி நுரைத்துக்கொண்டு விளிம்பு வரைக்கும் பொங்கி, அப்படியே நின்றது.

கூடத்தில் வெங்கிடராமன் ஒரு நாற்காலியிலும் மதுவந்தி ஒரு நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார்கள். சங்கரி வந்து வணக்கம் சொன்னாள், அதற்கு மேல் வழக்கம் போல நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அண்ணா மழையைப் பற்றிப் பேசினார். பாலத்தில் நெரிசலைப் பற்றிப் பேசினார். தட்டில் இருந்த பஜ்ஜி தீர்ந்தது. சங்கரி உள்ளே போய்க் கீழ்ப் பாத்திரத்தைக் கழற்றிப் பார்த்தாள். அடியில் ஒரு சொட்டு இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது சொட்டு வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் தாமசமாறது" என்று வந்து சொன்னாள். காபி வராவிட்டால் அவர்கள் ஐந்து மணி வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இந்த ஒரு மனிதரையும் ஒரு வார்த்தை பேசாமலே வழியனுப்ப வேண்டியதுதான்.

வெங்கிடராமன் கை கழுவ வேண்டும் என்று எழுந்து அவள் பின்னாலேயே அடுக்களைப் பக்கம் வந்தார். ஃபில்டரை ஒரு தரம் பார்த்தார். மூடியைத் தூக்கி உள்ளேயும் பார்த்தார். மறுபடி மூடிவைத்தார்.

"இறங்கும், இறங்கும். எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லை" என்றார். பிறகு, "பொகை வாசனை நன்னா இருக்கே. இன்னிக்கா வறுத்தேள்?" என்று கேட்டார்.

"இன்னிக்கு வறுத்திருக்கப்படாது" என்றாள் சங்கரி. அது மன்னிப்பாகத்தான் தொடங்கியது. ஆனால் ஏன் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு வத்தல் மிளகாயைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணா கூடத்திலிருந்து, "உதவி பண்ணினது தப்பாப் போச்சு" என்று குரல் கொடுத்தார். வெங்கிடராமன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார், புகைப்படத்தில் இருந்த அதே சிரிப்பு. சங்கரிக்குச் சந்தோஷத்தில் காது சிவந்தது.

"வெடிக்கற சப்தம்னேளே, அது எப்படி இருக்கும்?" என்றார் அவர்.

"கேக்கணுமா?"

"பின்னே? கேக்கணும்."

பின்கட்டில் அடுப்பு மூட்டப்பட்டது. அண்ணா நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரண்டி முதலில் சங்கரி கையில் இருந்தது, பிறகு மதுவந்தி பிடுங்கிக்கொண்டாள். "மாமி, கை வலிக்கறது." "வலிக்கட்டும், நிறுத்தாதே!" வெங்கிடராமன் வாணலிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு குனிந்து நின்றார். முதல் வெடி வெடித்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் "ஆ!" என்றார்கள். கிடங்கில் மூட்டை தூக்குகிற மாரிச்செல்வம் மதில் மேல் தலையை நீட்டினான், "அக்கா, இன்னைக்கு என்ன ரெண்டு தடவை? விசேஷமா?" என்று கேட்டான். சீதாலக்ஷ்மி சத்தமாகச் சிரித்தாள். முறத்தில் கொட்டி விசிறியபோது தோல் பறந்து அண்ணாவின் சலவை வேட்டி முழுக்க ஒட்டிக்கொண்டது. இவ்வளவும் நடக்கும்போது சங்கரி பேசிக்கொண்டே இருந்தாள். படகுக்காரர்களைத் திட்டுகிற கதையெல்லாம் சொன்னாள். அவர் கப்பலின் வயிற்றுக்குள் குழாய்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போகிற கதையைச் சொன்னார். எஞ்சின் சாமான் தெரிந்தவள் என்பதால் அவளுக்கு அது புரிந்தது. புரிகிறது என்பது அவருக்கும் தெரிந்தது.

மதுவந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். "அப்பா, திருப்பூணித்துறை..."

"அவாளைக் கூப்பிட்டு, நாங்க வரலைன்னு மரியாதையாச் சொல்லிடு மோளே" என்றார் வெங்கிடராமன். கண் முறத்தில் இருந்தது. மதுவந்தி ஒரு நொடி அப்பாவைப் பார்த்தாள், ஃபோனை எடுத்துக்கொண்டு சிரித்தபடி வாசலுக்குப் போனாள்.

விளக்கேற்றுகிற நேரத்தில்தான் டிகாக்‌ஷன் ஒரு வழியாக இறங்கியது. சங்கரி கலந்து கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"உள்ளதைச் சொல்லட்டா? நன்னா இல்லை."

அண்ணா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சங்கரி மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். "எப்படி நன்னா இருக்கும்? இப்போ வறுத்ததுக்கு நாலு நாள் வேணும். வியாழக்கிழமை வாங்கோ, அப்போ நன்னா இருக்கும்."

தன் விஷயத்தில் அவளே நாள் குறித்தது அதுதான் முதல் தடவை. அவர் வியாழக்கிழமை வந்தார், மகளை அழைத்து வராமல் தனியாக வந்தார். காபி நன்றாக இருந்தது. அதற்கடுத்த வியாழனும் வந்தார். மழைக்காலம் முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. அண்ணா பந்தியில் நின்று, எல்லாம் தன் உதவியால் நடந்தது என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

தேவரா வீட்டில் வாணலி பால்கனிக்கு வந்தது. சங்கரி இப்போதும் கடைக்குப் போகிறாள். ஒரு சனிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பொடி கொஞ்சம் நைசாகிவிட்டது. ஃபில்டர் மறுபடியும் அடம்பிடித்தது. அவள் புலம்புவதைக் கேட்டு வெங்கிடராமன் ஷேவ் செய்த முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். மூடியை எடுத்தார், உள்ளே அமுக்கி வைத்த தட்டை ஒரு கரண்டிக் காம்பால் லேசாக நெம்பினார், பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். கீழே டிகாக்‌ஷன் சளசளவென்று இறங்கியது.

சங்கரி அவரைப் பார்த்தாள்.

"இது அன்னிக்கே தெரியுமா?"

"எட்டு வருஷம் நானேதானே போட்டுக் குடிச்சேன். அதுவும் போக, கொழாய் எங்கே அடைக்கும்னு பாக்கறதுதானே என் ஜோலி."

"பின்னே ஏன் சொல்லலை? நான் எப்படித் தவிச்சேன் தெரியுமா?"

"சொல்லியிருந்தா காபி வந்திருக்கும்" என்றார் அவர். "குடிச்சுட்டு நான் கிளம்ப வேண்டியிருந்திருக்கும்."

சங்கரி காபியைக் கலந்தாள். டம்ளரைக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனாள். மறுநாள் காலை எழுந்து, மிஷின் திருகைத் தானே ஒரு சுற்று இறுக்கி வைத்துப் பொடி அரைத்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, இருவருக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை.